நாத்தனாரும் பல்லக்காவும் வாங்கிய கறுப்புக் குச்சி

எங்கள் பூல் ஹாலில் அவரை எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவோம். பல் எடுப்பாக இருக்கும்போல என்று நினைத்துவிட வேண்டாம். அவர் பல் செய்கிறவர். ஹாலுக்கு நேர் மேலே மாடியில் ஒரு நீளமான அறை. பல் மருத்துவர்கள் வாயில் எடுத்த அச்சுகளை அங்கே அனுப்புவார்கள். பல்லக்கா அதில் பிளாஸ்டர் மாவைக் குழைத்து ஊற்றித் தாடையை வார்ப்பார். மெழுகில் ஈறு செதுக்கி, பற்களை ஒவ்வொன்றாக நட்டு, செட்டாக்கித் திருப்பி அனுப்புவார். என் கீழ்வரிசையில் இடது பக்கம் இருப்பவை அவருடைய கைவேலை. இந்தக் கதையைச் சொல்ல எனக்குள்ள தகுதி முதலில் அதுதான். மற்றபடி, நான் கண்ணால் பார்த்தது கொஞ்சம், அவர்கள் இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னது மீதி.

அவர் ஆட வந்ததே ஒரு பல்செட்டால்தான். ஹால் முதலாளியின் மேல்செட் ஒருநாள் கீழே விழுந்து இரண்டாகிவிட்டது. மாடியில்தானே ஆள் இருக்கிறது என்று கொடுத்தனுப்பினார். பல்லக்கா ஒட்டி, மெருகேற்றி, ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு தானே இறங்கி வந்தார். அதுவரை அவர் ஹாலுக்குள் கால் வைத்ததில்லை. முதலாளி அப்போது, வெள்ளைப் பந்தைக் குச்சியால் தட்டி மற்ற பந்துகளைக் குழியில் விழவைக்கிற அந்த ஆட்டத்தை யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார். பொக்கை வாயைத் திறக்க வெட்கம். கையிலிருந்த குச்சியை, அதாவது க்யூவை, அக்காவிடம் நீட்டி, கொஞ்சம் பிடியுங்கள் என்பதுபோல் சைகை காட்டிவிட்டு, டப்பாவோடு உள்ளே ஓடினார். அக்கா அதை 'நீங்க ஆடுங்க' என்று புரிந்துகொண்டார். குனிந்தார், அடித்தார். மஞ்சள் பந்து மூலைக் குழியில் போய் விழுந்தது. முதலாளி வாய் நிறையப் பல்லோடு திரும்பி வந்தபோது, அக்கா அடுத்த பந்துக்குக் குறி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஹால் வந்துவிட்டது. மாடியிலிருந்து இறங்கினால் வேறு வழியும் இல்லை என்பார்.

அப்போது அவருடைய வீட்டில் மூன்று பேர். கணவர் ஃப்ரிட்ஜும் ஏ.சி.யும் பழுது பார்ப்பவர். கணவரின் தங்கை, கல்யாண வாழ்க்கை ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே சமையலறையில் நின்றார்கள், ஆனால் பேச்சு 'பால் தீந்துடுச்சு', 'கேஸ் வந்துச்சு' என்ற அளவோடு சரி. சண்டை கிடையாது. சண்டை போடுகிற அளவுக்குப் பழக்கம் இல்லை. "ரெண்டு பேரும் ஏதாவது பேசித் தொலைங்களேன்" என்று அந்த மனுஷர் நடுவில் உட்கார்ந்து கெஞ்சுவாராம். "என்னத்த பேசறது?" என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே பதில் வருமாம்.

ஒரு மழை நாளில் அண்ணியைக் கூட்டிப்போக நாத்தனார் வேனைக் கொண்டுவந்தாள். மாடியில் பூட்டு. கீழே சத்தம். எட்டிப் பார்த்தால் அண்ணி மேசைமேல் குனிந்து நிற்கிறார். நாத்தனார் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு, அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பேசாத நீளத்துக்கு ஒரு வாக்கியம் பேசினாள்:

"அண்ணி, நீங்க அடிக்கிறதுக்கு முன்னாடி மூச்ச அடக்கிக்கிறீங்க. அதான் கை ஆடுது."

பல்லக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வாயால சொல்றது சுலபம். எங்க, நீ அடிச்சுக் காட்டு."

அவள் அடித்தாள். பந்து குழிக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டின் முதல் கூட்டுச் சிரிப்பு எங்கள் ஹாலில்தான் கேட்டது. மறுநாளும் வேன் வந்தது. மழை இல்லாமலே வந்தது.

"இவ என் நாத்தனார்" என்று அக்கா எங்களுக்கு அறிமுகப்படுத்தினார். அதுவே ஒட்டிக்கொண்டது. தலை நரைத்த முதலாளி முதற்கொண்டு மேசை துடைக்க வருகிறவர் வரை எல்லோருக்கும் அவள் நாத்தனார். "நாத்தனார், உங்க ஆட்டம்" என்றால் திரும்பிப் பார்ப்பாள்.

ஜோடி ஆட்டத்தில் ஒரு முறை இருக்கிறது. ஒருவர் ஒரு அடி, அடுத்த அடி கூட்டாளி, இப்படி மாறி மாறி அடிக்க வேண்டும். இவர்கள் அதில்தான் இறங்கினார்கள். சொந்தமாக ஒரு க்யூவும் வாங்கினார்கள். ஆளுக்கொன்று இல்லை, இருவருக்கும் சேர்த்து ஒன்று. க்யூ இரண்டு பாதியாக வரும். கையில் பிடிக்கிற கனமான பின்பாதி, பந்தை அடிக்கிற மெல்லிய முன்பாதி. முன்பாதியை ஷாஃப்ட் என்பார்கள். நடுவில் மரை வைத்துத் திருகிக்கொள்ள வேண்டும். ஒருவர் அடித்துவிட்டு இன்னொருவர் கையில் க்யூவைக் கொடுக்கும்போது தலையைச் சாய்த்து ஏதாவது கிசுகிசுப்பார்கள். வியூகம் பேசுகிறார்கள் என்று எதிராளிகள் பயப்படுவார்கள். பாதி நேரம் அது "அண்ணன் சாப்பிட்டாரா?", "சாவி யார்கிட்ட இருக்கு?" என்பதுதான் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

அந்த ஷாஃப்ட்டைக் கெடுத்தது நாத்தனார். பள்ளி விடுமுறை விட்ட அன்று க்யூவை வேனின் பின்சீட்டுக்கு அடியிலேயே மறந்துவிட்டாள். விடுமுறை முழுக்க வேன் வெட்டவெளியில், கண்ணாடி ஏற்றி, வெயிலில் நின்றது. எடுத்துப் பார்த்தபோது கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மேசையில் உருட்டிப் பார்த்தார் முதலாளி. நுனி துள்ளித் துள்ளிப் போயிற்று.

"வளைஞ்சிருச்சு" என்றார்.

நாத்தனாரின் முகம் வாடிவிட்டது. பல்லக்கா திட்டுவார் என்று நாங்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம். அவர் ஷாஃப்ட்டை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, "நான் நிமித்தறேன்" என்று மாடிக்குக் கொண்டுபோய்விட்டார். ஆவி காட்டினார். நுனியில் எடை கட்டித் தொங்கவிட்டார். பல்லையே கோணாமல் வரிசையாக நடுகிறவருக்கு இந்தக் குச்சி எம்மாத்திரம் என்று எங்களுக்கும் நம்பிக்கைதான். இறக்கிய அன்று ஷாஃப்ட் கம்பி மாதிரி நேராக இருந்தது. அந்த வாரமே மறுபடி வளைந்தது. இந்த முறை எதிர்ப்பக்கம்.

"போதும் அண்ணி, அத விட்டுருங்க" என்றாள் நாத்தனார். "நான் தேடிப் பாத்துட்டேன். கார்பன் ஃபைபர்ல ஷாஃப்ட் வருது. வெயில் மழை எதுவும் ஒண்ணும் பண்ணாது. பின்பாதிய வெச்சுக்கிட்டு முன்பாதிய மட்டும் மாத்திக்கலாம்."

"பிளாஸ்டிக்கா?"

"பிளாஸ்டிக் இல்ல அண்ணி, கார்பன். விமானமெல்லாம் செய்வாங்களே."

"நாம என்ன பறக்கவா போறோம்?"

கேலி செய்தாரே ஒழிய, பல்லக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்து ஊரில் க்யூ விற்கிற கடை ஒன்று இருந்தது. போன் போட்டார்கள். கடைக்காரர் எடுத்த எடுப்பில், "உங்க க்யூவோட மரை எந்த வகை? அதுல பல வகை இருக்கு. தெரியாம வந்தீங்கன்னா வீண் அலைச்சல். ஒரு போட்டோ அனுப்புங்க" என்றார்.

நாத்தனார் பின்பாதியின் தலையில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புத் திருகாணியைப் படம் எடுத்தாள். பளபளப்பில் வெள்ளையாக ஒரு கோடுதான் தெரிந்தது. திரும்ப எடுத்தாள். அதே கோடு. கடைக்காரர், "ஒண்ணும் தெரியலைங்க" என்று பதில் போட்டார்.

"கொண்டா இங்க" என்றார் பல்லக்கா. வாயில் அச்செடுக்கிற பசையைக் குழைத்து, திருகாணியை அதில் அமுக்கி, இறுகியதும் மெல்லத் திருகி வெளியே எடுத்தார். உள்ளே மாவை ஊற்றினார். காய்ந்தபின் பிரித்தால், வெள்ளை மாவில் திருகாணி அப்படியே நின்றது. புரி ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் கடைக்காரரே கூப்பிட்டார்.

"மேடம், பல்லு போட்டோ தப்பா எனக்கு வந்துருச்சு."

"பல்லு இல்லைங்க, மரைதான். நல்லாப் பாருங்க."

எதிர்முனையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பார். பிறகு ஒரு சிரிப்பு. "இந்தத் தொழிலுக்கு வந்து இத்தன வருஷத்துல இப்படி யாரும் அனுப்பினதில்ல. வாங்க மேடம். இந்த மரைக்கு மூணு ஷாஃப்ட் வெச்சிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை வேனிலேயே போனார்கள். குழந்தைகள் இல்லாத வேனில், முன்சீட்டில் அண்ணி, மடியில் க்யூ.

கடை ஒரு ரயில்பெட்டி மாதிரி குறுகலாக நீண்டிருந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் க்யூக்கள் நிமிர்ந்து நின்றன. கடைசியில் ஒரு கடைசல் இயந்திரம், அடியில் மரச்சுருள், பசை வாசனை. நடுவில் அடித்துப் பார்க்க ஒரு சின்ன மேசை. காதில் பென்சில் செருகிய கடைக்காரர் மூன்று கறுப்பு ஷாஃப்ட்டுகளை ஒரு துணியில் வரிசையாக வைத்தார். மெல்லியது, நடுத்தரம், தடிமன். நுனியில் மட்டும்தான் வித்தியாசம். அதுவும் நகக்கண் அளவு.

"மரம் கோவக்கார ஜாதி மேடம். வெயிலுக்குக் கோவிச்சுக்கும், மழைக்கும் கோவிச்சுக்கும். இதுக்குக் கோவமே வராது. அழுக்குப் பட்டா ஈரத்துணியில துடைச்சா போதும். மெல்லிசுல பந்த எங்க தொடறோம்னு நல்லாத் தெரியும், சுழல் அதிகமா வரும், ஆனா கொஞ்சம் தப்பினாலும் மன்னிக்காது. தடிமன் தாராள மனசு. நடுவுல இருக்கறது நடுவுலதான்."

நாத்தனார் மெல்லியதைத் திருகி மாட்டி, ஓரத்தில் இருந்த பந்தை அடித்தாள். வெள்ளைப் பந்து ஓரத்தில் பட்டு, சுழன்று, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைபோல் மேசை நடுவுக்கு வந்து நின்றது. "ஐயோ அண்ணி!" என்று கத்திவிட்டாள்.

பல்லக்கா அதே ஷாஃப்ட்டைக் கையில் வாங்கினார். விரல்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு ஓடியது, அது பிடித்திருந்தது. நாளெல்லாம் மாவிலும் தூளிலும் கிடந்து சொரசொரத்துப்போன விரல்கள் அவருடையவை. மர ஷாஃப்ட் அதில் சிக்கிக்கொண்டுதான் நகரும். ஆனால் அடித்தபோது பந்து குழியின் உதட்டில் பட்டுத் திரும்பிவிட்டது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது இன்னும் மோசம். சத்தமும் அவருக்குப் பிடிக்கவில்லை. மரம் 'டொக்' என்று சொல்லும். இது வெற்றுக் குழாயைத் தட்டியதுபோல் இருந்தது.

"கையில ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதுங்க" என்றார். "கல்லால அடிக்கிற மாதிரி இருக்கு. நேரா அடிச்சா போகுது. வெள்ளைப் பந்தோட பக்கவாட்டுல அடிச்சா எல்லாமே தப்பாப் போகுது."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். மேசைத் துணியின்மேல் காற்றில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். மர ஷாஃப்ட்டால் வெள்ளைப் பந்தின் வலது பக்கத்தில் அடித்தால், அது பந்தை இடது பக்கமாகக் கொஞ்சம் தள்ளிவிடும். பல வருஷம் ஆடியவர்கள் தங்களுக்கே தெரியாமல் அதற்கு இடம் விட்டுத்தான் குறி பார்ப்பார்கள். கார்பன் ஷாஃப்ட் அந்த அளவுக்குத் தள்ளாது. பழைய கணக்கில் இடம் விட்டால் பந்து அந்த அளவு விலகித்தான் போகும்.

"அப்போ தப்பு என்மேலயா, குச்சி மேலயா?"

"யார்மேலயும் இல்ல மேடம். உங்க கை பழைய குச்சிக்கு விட்டுக்கொடுத்துப் பழகிருக்கு. இதுக்கு அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம்."

"பழகறதுக்குள்ள போட்டி முடிஞ்சிரும்" என்றார் பல்லக்கா. அடுத்த மாதம் ஊர் ஹால்களுக்குள் ஜோடிப் போட்டி இருந்தது. "கல்லு மாதிரி இருக்கு, சத்தம் நல்லால்ல, எனக்கு இது ஒத்துவராதும்மா."

நாத்தனார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெல்லக் கேட்டாள். "அண்ணி, புதுசா செட் மாட்டினவங்க உங்ககிட்ட வந்து என்ன சொல்வாங்க?"

பல்லக்கா கையிலிருந்த ஷாஃப்ட்டைப் பார்த்தார். புதுப் பல் மாட்டியவர்கள் எல்லோரும் மாடிப்படி ஏறி வந்து சொல்வது அதேதான்: கல்லு மாதிரி இருக்கு, சத்தம் வருது, ஒத்துவரல. அவரும் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வார், எனக்கும் சொல்லியிருக்கிறார். 'கழட்டி வெக்காதீங்க. வாய் பழகிக்கும்.'

"நல்லா மடக்குற" என்று சிரித்துவிட்டார்.

அதற்கு மேல்தான் சிக்கலே. மெல்லியது நாத்தனாருக்கு உயிர். தடிமன் பல்லக்காவின் கைக்கு இதமாக இருந்தது. அதில் இரண்டு பந்து விழவும் விழுந்தன. கடைக்காரர், "ரெண்டையும் எடுத்துக்கிட்டு ஆளுக்கொரு க்யூவா வெச்சுக்கலாமே? ஏன் ஒரே க்யூவுல மல்லுக்கட்டறீங்க?" என்றார். நியாயமான கேள்விதான். பல்லக்கா மெல்லியதையும் தடிமனையும் மாறி மாறித் திருகிப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார், "தடிமனே எடுத்துக்கலாம் அண்ணி. உங்களுக்கு எது வசதியோ அதுவே இருக்கட்டும்" என்றாள்.

"ஏன்? நீதான ஆசைப்பட்ட."

"இல்ல... இனிமே க்யூ உங்ககிட்டதான இருக்கும்." அவள் துணியில் கிடந்த ஷாஃப்ட்டை உருட்டிக்கொண்டே பேசினாள். "வேன் நிறுத்தற இடத்துக்குப் பக்கத்துல ஒரு வீடு பாத்திருக்கேன். ஒரு ரூம், ஒரு கிச்சன், ஜன்னல் பெருசு. அடுத்த மாசம் போயிடலாம்னு இருக்கேன். அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

பல்லக்கா கடைக்கு வெளியே போய்விட்டார். வாசலில் வேனின் நிழலில் நின்றார். அந்த நேரத்தில் தனக்குள் என்ன ஓடியது என்று பிறகொரு நாள் என்னிடம் சொன்னார். நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்கிய காலத்தில், இவள் எப்போது போவாள் என்று அவர் மனசுக்குள் கேட்டதுண்டு. வீடு தனக்கே வேண்டும் என்று இருந்ததுண்டு. இன்றைக்கு அது தானாகவே கைக்கு வருகிறது, வாங்கிக்கொள்ள மனம் இல்லை. அதைவிட, அண்ணனிடம் முதலில் சொன்னாளே என்பதுதான் அதிகம் சுட்டதாம். "எவ்வளவு அற்பத்தனம் பாருங்க" என்றார். எனக்கு அற்பத்தனமாகத் தெரியவில்லை.

உள்ளே நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கடைக்காரர் பாவம், இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். பதறிப்போய்விட்டார்.

"மேடம், கார்பன் பிடிக்கலைன்னா விடுங்க மேடம்! மரத்துலயே ஒண்ணு நல்லதா கடைஞ்சு தரேன். இதுக்கெல்லாமா அழுவாங்க?"

நாத்தனார் அழுதுகொண்டே சிரித்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டுப் பல்லக்கா உள்ளே வந்தார். விஷயம் தெரிந்ததும் அவருக்கும் அடக்க முடியவில்லை. கடைக்காரர் இன்னும் குழம்பிப்போய் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு பல்லக்கா கேட்டார். "ஜன்னல் எந்தப் பக்கம்?"

"கிழக்கு."

"அப்போ காலையில நல்ல வெளிச்சம் வரும். சரி. வீடுதான மாத்துற, ஜோடிய மாத்தலையே?"

"ஐயையோ, இல்ல அண்ணி."

"அப்புறம் என்ன எனக்கு வசதி, உனக்கு வசதின்னு. ஏங்க, அந்த நடுவுல இருக்கறத மாட்டுங்க."

நடுத்தரத்தைக் கடைக்காரர் மாட்டிக் கொடுத்தார். பல்லக்கா அடித்தார், கொடுத்தார். நாத்தனார் அடித்தாள், கொடுத்தாள். அவளுக்குப் பந்து நினைத்த அளவு சுழலவில்லை. அவருக்கு நினைத்த இடத்தில் விழவில்லை. இருவருக்கும் சமமாகக் குறை இருந்தது. அதனால் அதையே வாங்கினார்கள்.

ஹாலுக்கு வந்து சேர்ந்த கறுப்பு ஷாஃப்ட்டை ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தோம். "அக்கா, பல்லு விளக்கற கரியில செஞ்சதா?" என்று ஒருவர் கேட்டார். அடுத்த சில வாரங்கள் பல்லக்கா ஆடியதைப் பார்க்க எங்களுக்கே சங்கடமாக இருந்தது. எளிய பந்துகள் குழி வாசல்வரை போய்விட்டுத் திரும்பும். அவர் பழைய இடைவெளியை விட்டுக் குறி பார்ப்பார், பிறகு நினைவு வந்து திருத்துவார், திருத்தியது அதிகமாகிவிடும். ஆனால் ஒருநாளும் க்யூவைக் கீழே வைக்கவில்லை. "கழட்டி வெக்கக் கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடிப்பார். நாத்தனார் க்யூவை வாங்கும்போது, "இப்ப கிட்ட வந்துருச்சு அண்ணி" என்பாள். சில நாள் அது உண்மையாகவும் இருக்கும்.

இதற்கிடையில் நாத்தனார் வீடு மாறினாள். சாமான் ஏற்ற நானும் போயிருந்தேன். ஒரு பெட்டியோடு வந்தவள் ஒரு வேன் நிறையச் சாமானோடு போனாள். அண்ணன் தன் கையால் பழுது பார்த்த ஃப்ரிட்ஜ் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தார். அது சத்தம் போட்டது. "இது பழுது பாத்த பிறகா, முன்னாடியா?" என்று பல்லக்கா கேட்டார். பாத்திரங்களை எங்கே அடுக்குவது என்று அண்ணியும் நாத்தனாரும் அந்தக் கிழக்கு ஜன்னல் சமையலறையில் நன்றாகச் சண்டை போட்டார்கள். குரல் தெருவரை கேட்டது. அண்ணன் படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

க்யூ எந்த வீட்டில் இருப்பது என்ற பேச்சு வந்தபோது முதலாளி தன் மேசைக்குப் பின்னால் இருந்த அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தார்.

போட்டி நாள் காலையிலேயே ஹால் நிறைந்துவிட்டது. முதல் ஆட்டத்தை இவர்கள் சுலபமாக ஜெயித்தார்கள். எதிரே வந்தவர்களுக்குள் அன்று பேச்சுவார்த்தையே இல்லை. இரண்டாவது ஆட்டம் முடிதிருத்தும் கடை அண்ணன் தம்பியோடு. இருவரும் கைதேர்ந்தவர்கள். இழுபறியாகப் போய், கடைசிச் சுற்றில் எங்கள் ஆட்களுக்குக் கோடு போட்ட பந்து ஒன்றும், கடைசியில் போடவேண்டிய கறுப்புப் பந்தும் மிச்சம். பல்லக்காவின் முறை.

நேராக அடித்தால் கோடுப் பந்து விழும், ஆனால் வெள்ளைப் பந்து ஒரு மூலையில் போய் மாட்டிக்கொள்ளும். அடுத்து அடிக்கவேண்டிய நாத்தனாருக்குக் கறுப்புப் பந்து கண்ணில் படாது. வெள்ளைப் பந்தின் பக்கவாட்டில் அடித்துச் சுழலவிட்டால்தான் வழி திறக்கும். அந்த அடிதான் புது ஷாஃப்ட்டில் அவருக்கு வராத அடி. பின்வரிசையில் அவருடைய கணவர் முதல்முறையாக ஆட்டம் பார்க்க வந்திருந்தார். எப்போது கைதட்டுவது என்று அவருக்குத் தெரியாது. எதிராளி குனியும்போதெல்லாம் தட்டி, இரண்டு முறை எச்சரிக்கை வாங்கியிருந்தார்.

பல்லக்கா குனிந்தார். நிமிர்ந்தார். க்யூ நுனியில் சாக்கட்டி தேய்த்தார். நாத்தனார் பக்கத்தில் வந்து காதில் ஏதோ சொன்னாள். மறுபடி குனிந்தார்.

அடித்தார். அந்த வெற்றுக் குழாய்ச் சத்தம். கோடுப் பந்து குழியின் நடுவில் போய் விழுந்தது. வெள்ளைப் பந்து ஓரத்தில் பட்டுச் சுழன்று திரும்பி, கறுப்புப் பந்துக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி நின்றது. மிகச் சரியான இடம் என்று சொல்லமாட்டேன். நாத்தனார் கால் பெருவிரலில் எழும்பி நின்று எட்டி அடிக்க வேண்டியிருந்தது. ஆனால் அடித்தாள். கறுப்பு விழுந்தது. இந்த முறை பல்லக்காவின் கணவர் எல்லோரோடும் சேர்ந்து சரியான நேரத்தில் கைதட்டினார்.

அடுத்த ஆட்டத்தில் தோற்றார்கள். நன்றாகவே தோற்றார்கள், எதிரே இருந்த அம்மாவும் மகளும் இவர்களை மேசைக்கே விடவில்லை. மூன்றாம் இடத்துக்கு ஒரு கோப்பை கொடுத்தார்கள். அது இப்போது மாடியில், மெழுகு உருக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் தூரிகைகள் போட்டு வைத்திருக்கிறார்.

அன்று அந்த அடிக்கு முன்னால் காதில் என்ன சொன்னாய் என்று நாத்தனாரிடம் கேட்டேன். ஏதாவது நுணுக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். "மூச்சு விடுங்க அண்ணின்னேன்" என்றாள்.

இப்போதும் வேலை நாட்களில் சாயங்காலம் வேன் வாசலில் வந்து நிற்கும். பல்லக்கா மாடியிலிருந்து இறங்கி வருவார், கையில் மாவு காய்ந்திருக்கும். யார் கேட்டாலும் கறுப்பு ஷாஃப்ட்டை அடித்துப் பார்க்கக் கொடுத்துவிடுவார். நாத்தனார் மட்டும் கொடுக்கமாட்டாள். போன வாரம் அவள் வருவதற்குள் நான் கேட்டு வாங்கி ஒரு பந்து அடித்துப் பார்த்தேன். நான் குறி பார்த்த குழிக்கும் பந்து போன இடத்துக்கும் சம்பந்தமே இல்லை.

"கொஞ்ச நாள் விடாம அடிங்க, பழகிடும்" என்றார் பல்லக்கா.

"எனக்கு மரமே போதும்க்கா" என்று திருப்பிக் கொடுத்தேன். வாசலில் வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அக்கா க்யூவை வாங்கித் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு, பந்துகளை முக்கோணத்தில் அடுக்க ஆரம்பித்தார்.